ஒரு நிமிசம்னு கூப்பிடறாங்க, எனக்கு மத்தியானமே போயிடுது

திருப்பூர்ல ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி வேலை பாக்கறேன். எனக்கு ஏடிஹெச்டி (கவனத்த நெனச்ச எடத்துல நிறுத்தி வெக்கறது கஷ்டமா இருக்கற மூளை அமைப்பு) இருக்குன்னு முப்பது வயசு தாண்டினதுக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது. ரெண்டையும் சேத்து சொல்றதுக்கு காரணம் இருக்கு. எங்க வேலை மாதிரி குறுக்க குறுக்க ஆள் வந்துட்டே இருக்கற வேலை கம்மி, அதே சமயம் குறுக்க யாருமே வரக்கூடாத வேலையும் இது தான். 14ஆம் தேதி 2பி ஸ்டேட்மென்ட் (சப்ளையருங்க ஏத்தின பில்லோட பட்டியல்) வரும், 20ஆம் தேதிக்குள்ள 3பி (மாசாமாசம் போடற ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடணும், நடுவுல கெடைக்கற அந்த ஒரு வாரத்துல பார்ட்டி பார்ட்டியா டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல இருக்கற பர்ச்சேஸையும் 2பில வந்திருக்கறதையும் வரி வரியா ஒத்துப் பாக்கணும், அதே ஒரு வாரத்துல தான் எல்லா பார்ட்டியும் போன் பண்ணி "என்னுது முடிஞ்சுதுங்களா மேடம்"னு கேப்பாங்க.

இந்த வேலை தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். சப்ளையர் அவங்க பக்கம் பில்ல ஏத்தினா தான் நம்ம 2பில அது தெரியும், அதுல தெரிஞ்சா தான் நமக்கு இன்புட் கிரெடிட், அதாவது வாங்கறப்ப குடுத்த வரிய நாம கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கறது. பெரும்பாலான பில் தானா பொருந்தி உக்காந்துடும், மிச்சம் இருக்கறது தான் வேலையே. நம்ம டேலில 45ன்னு இருக்கும், அவங்க 0045ன்னு போட்டிருப்பாங்க. ஈரோட்டு பார்ட்டி பில்லுக்கு யாரோ வெளி மாநிலத்து பில்லுக்கு வர்ற ஐஜிஎஸ்டின்னு என்ட்ரி போட்டு வெச்சிருப்பாங்க. ஜிஎஸ்டி நம்பர்ல ஒரு எழுத்து இடம் மாறி இருக்கும். சிலது மூணு மாசத்துக்கு ஒருக்கா ஃபைல் பண்ற பார்ட்டியா இருக்கும், இந்த மாசம் தேடுறதே வேஸ்ட். அப்போ நான் ஒரு வரியில நிக்கறப்ப பார்ட்டி பேரு, தொகை, எதனால பொருந்தலன்னு ஒரு சந்தேகம், அந்த சந்தேகம் சரியான்னு பாக்க அடுத்து எந்த பில்ல தொறக்கணும், இது நாலும் ஒண்ணா மண்டைக்குள்ள இருக்கணும். அந்த நேரம் பாத்து "அக்கா, ஒரு நிமிசங்க்கா, ஸ்டேப்ளர் எங்கீங்க வெச்சீங்க?"

நாலும் போச்சு. பதில் சொல்ல மூணு செகண்ட் தான் ஆகும், திரும்பி பாத்தா ஸ்கிரீன் அப்படியே இருக்கு, கர்சர் அதே செல்லுல கண் சிமிட்டிட்டு இருக்கு, ஆனா நான் எதுக்கு அந்த செல்லுல வந்து நின்னேன்னு எனக்கு தெரியாது. அந்த பார்ட்டிய மேல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும். அதுகூட நல்ல நாள்ல. மோசமான நாள்ல நானே எந்திரிச்சு ஸ்டேப்ளர தேடிக் குடுப்பேன், தேடுற எடத்துல ஒரு பழைய ஃபைல் கண்ணுல படும், அதுல ஒரு நோட்டீஸுக்கு பதில் அனுப்பாம இருக்கும், அத பத்தி அந்த பார்ட்டிக்கு போன் போடுவேன், அவரு டையிங் யூனிட்ல கரண்ட் பில் ஏறுனத பத்தி பேசுவாரு, நானும் பேசுவேன், டீ வந்துடும். நாலு மணிக்கு வந்து உக்காந்தா எக்செல் அதே செல்லுல நிக்குது. கூப்பிட்ட பையன கேட்டா "ஸ்டேப்ளர் தானுங்க்கா கேட்டேன்"பான், அவன் சொல்றதும் நியாயம் தான்.

எங்க ஊர் நிட்டிங் மெஷின்ல நூல் அறுந்தா மெஷின் தானா நின்னு லைட் எரியும், ஓட்டறவரு வந்து முடிச்சு போட்டு திரும்ப ஓட்டுவாரு. எனக்கு அந்த லைட் இல்ல, அறுந்ததே தெரியாம ஓடிட்டே இருப்பேன். ஏடிஹெச்டின்னா கவனமே இல்லாதவங்கன்னு நெனைக்கறாங்க, கவனம் நெறைய இருக்கு, அத நான் வெச்ச எடத்துல தான் அது இருக்காது.

டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் இத பத்தி நெறைய படிச்சேன் (இருபதாம் தேதிக்கு முந்தின நாள் ராத்திரி தான் படிக்க தோணும், அது வேற கதை). 2014ல ஆல்ட்மன், டிராஃப்டன், ஹாம்ப்ரிக்னு மூணு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வரிசையா செய்ய வேண்டிய ஒரு வேலைய கம்ப்யூட்டர்ல குடுத்து நடுவுல சும்மா 2.8 செகண்ட் தடுத்துப் பாத்தாங்க, அதுக்கே வரிசை தப்புறது ரெண்டு மடங்கு ஆச்சு, 4.4 செகண்ட் தடுத்தா மூணு மடங்கு. ஸ்டேப்ளர் எங்கன்னு கேக்கற நேரம் தான் அது. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில கிளோரியா மார்க்னு ஒரு பேராசிரியர், ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க கூடவே இருந்து கவனிச்சு 2005ல எழுதினாங்க, விட்ட வேலைக்கு அன்னிக்கே திரும்பி வர்றவங்களுக்கு சராசரியா 25 நிமிஷம் ஆகுது, அதுக்குள்ள வேற ரெண்டு வேலைக்காவது போயிட்டு தான் வர்றாங்கன்னு. இதெல்லாம் ஏடிஹெச்டி இருக்கறவங்கள தனியா பிரிச்சு எடுத்த ஆய்வு இல்ல, பொதுவான ஆளுங்க. அவங்களுக்கே இப்படின்னா, கையில இருக்கற விஷயத்த மனசுல புடிச்சு வெச்சுக்கற திறமையே, ஒர்க்கிங் மெமரிங்கறாங்களே அது, ஏற்கனவே கொஞ்சம் ஓட்டையா இருக்கற நமக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

அதே கிளோரியா மார்க் 2008ல இன்னொண்ணும் சொன்னாங்க, எனக்கு அது தான் ரொம்ப உறைச்சுது. ஈமெயில் வேலைய குடுத்து நடுநடுவுல தொந்தரவு பண்ணிப் பாத்தா, தொந்தரவுக்கு ஆளானவங்க வேலைய இன்னும் சீக்கிரமா முடிச்சாங்களாம். ஆனா டென்ஷன், எரிச்சல், நேரம் பத்தலங்கற தவிப்பு எல்லாம் எகிறி இருந்துச்சாம். முதலாளிங்களுக்கு இது ஏன் பிரச்சனையாவே தெரியறதில்லன்னு அப்ப தான் புரிஞ்சுது. இருபதாம் தேதி ரிட்டர்ன் போயிடுதே, எல்லாம் சரியா தான நடக்குது. அந்த ரிட்டர்ன போட்டவ வீட்டுக்கு போயி லைட்டு கூட போடாம சோபால விழுந்து கிடக்கறது யாரு கணக்குலயும் வராது.

சரி, என்ன பண்றேன்னு சொல்றேன். மொத்தமா தொந்தரவே இல்லாம பண்றதுங்கற ஆசைய விட்டுட்டேன். ஹெட்போன் மாட்டறது, டேபிள்ல போர்டு வெக்கறது எல்லாம் எங்க மாதிரி ஆபீஸ்ல ஆகாது, பார்ட்டி நேரா உள்ள வந்து சேர இழுத்து போட்டு உக்காந்து "சாப்டீங்களா"னு தான் ஆரம்பிப்பாரு, அவர்கிட்ட போர்ட காட்ட முடியுமா. அதனால யாரும் வராம தடுக்கறதுக்கு பதிலா, வந்துட்டு போனதுக்கு அப்புறம் நான் திரும்பி போறதுக்கு வழி போட்டு வெக்கறேன். யாராவது கூப்பிட்டா தலைய திருப்பறதுக்கு முன்னாடி கைய காட்டி "பத்து செகண்ட்"னு சொல்லிட்டு துண்டு பேப்பர்ல எழுதுவேன். எழுதறதுல தான் சூட்சுமமே. "2பி பாத்துட்டு இருந்தேன்"னு எழுதினா ஒரு பிரயோஜனமும் இல்ல. "சேலம் நூல் பார்ட்டி, பில் 418, 18 ரூவா வித்தியாசம், ரவுண்ட் ஆஃபான்னு ஒரிஜினல் பில்ல பாரு" இப்படி எழுதணும், கடைசி வார்த்தை அடுத்து கை என்ன செய்யணும்ங்கறதா இருக்கணும். முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் வந்து அந்த பேப்பர பாத்து வேலைய தொடர முடியணும், ஏன்னா திரும்பி வர்ற நான் கிட்டத்தட்ட அப்படி ஒருத்தி தான். சோஃபி லெராய்னு ஒரு ஆய்வாளர் 2009லயே சொல்லியிருக்காங்க, ஒரு வேலைய பாதில விட்டுட்டு அடுத்ததுக்கு போனா கவனத்துல ஒரு பங்கு பழைய வேலையிலயே ஒட்டிட்டு இருக்கும்னு, அப்புறம் 2018ல இன்னொருத்தரோட சேந்து, எங்க விட்டோம் திரும்பி வந்து என்ன பண்ணணும்னு சட்டுனு குறிச்சுட்டு போனா அந்த ஒட்டுதல் குறையுதுன்னும் எழுதியிருக்காங்க. நான் பேப்பர் எழுத ஆரம்பிச்சது அத படிச்சு இல்ல, எழுதலன்னா சம்பளம் போயிடும்ங்கற பயத்துல.

ஒரு விஷயம், அந்த பத்து செகண்டுக்கு ஆளுங்க கோவிச்சுக்குவாங்கன்னு பயந்துட்டே இருந்தேன். யாருமே கோவிச்சுக்கல. பேப்பர்ல எழுதறத பாத்தா அவங்க சொன்னத தான் எழுதறேன்னு நெனைச்சுக்கறாங்க போல.

அடுத்து ஓடிபி. இது எங்க தொழிலுக்கே உண்டான தொல்லை. ரிட்டர்ன் சப்மிட் பண்ண ஓடிபி பார்ட்டி போனுக்கு போகும், நாம கூப்பிட்டு கேட்டு வாங்கணும், அதுவும் காலாவதி ஆகறதுக்குள்ள. அவரு நிட்டிங் ஓடற சத்தத்துல போன எடுக்க மாட்டாரு, எடுத்தா "மெசேஜ் வரலீங்க"ம்பாரு, நம்பர சொல்றப்ப "ஆறு... இல்ல இல்ல ஒம்போது"ம்பாரு. முன்னாடி ஒரு பார்ட்டிய மேட்ச் பண்ணி முடிச்ச உடனே ஓடிபி வாங்கி ஃபைல் பண்ணிட்டு அடுத்த பார்ட்டிக்கு போற வழக்கம், எல்லாரும் அப்படி தான் பண்றாங்க. எனக்கு அது ஆகவே ஆகாது, ஒவ்வொரு ஓடிபியும் ஒரு ஸ்டேப்ளர். இப்ப ரெண்டையும் பிரிச்சுட்டேன். மதியம் சாப்பாடு வரைக்கும் மேட்ச் பண்றது மட்டும். நாலு மணிக்கு மேல ஃபைல் பண்றது மட்டும், காலைலயே எல்லா பார்ட்டிக்கும் வாட்ஸ்அப்ல "சாயங்காலம் நாலரைல இருந்து அஞ்சரைக்குள்ள ஓடிபிக்கு கூப்பிடுவேங்க, போன பக்கத்துல வெச்சுக்கோங்க"ன்னு ஒரே மெசேஜ். ஃபைல் பண்ற வேலைல மண்டைல எதையும் புடிச்சு வெச்சுக்க வேண்டியதில்ல, அப்போ யார் வேணா வரட்டும், ஸ்டேப்ளர் கேக்கட்டும், கதை பேசட்டும், நானே சந்தோசமா பேசுவேன். எந்த வேலை குறுக்கீட்ட தாங்கும் எது தாங்காதுன்னு உங்க வேலைல பிரிச்சு பாருங்க, பாதிக்கு மேல தாங்கற வேலையா தான் இருக்கும், நாம தான் ரெண்டையும் கலந்து வெச்சு எல்லாத்தையும் தாங்காததா ஆக்கி வெச்சிருக்கோம்.

இவே பில்லுக்கு (சரக்கு லாரில போறப்ப கூட இருக்க வேண்டிய ஆன்லைன் பில்) மட்டும் இது செல்லாது. "லாரி லோடு ஏத்தி நிக்குதுங்க்கா"ன்னு போன் வந்தா அது நெஜமான அவசரம், லாரிக்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேப்பாரு. அதுக்கு ஆபீஸ்ல ஒரு பட்டன் போன் வாங்கி வெச்சு இவே பில் நம்பர் இது தான்னு எல்லா பார்ட்டிக்கும் சொல்லியாச்சு, நாளுக்கு ஒருத்தர் அத வெச்சுக்கணும். என் முறை வர்ற அன்னிக்கு நான் மேட்ச் பண்ற வேலைய தொடறதே இல்ல. சாதா போன் டிராயருக்குள்ள. அது எடுத்துட்டு வர்ற தொந்தரவு பாதி வெளிய இருந்து வர்றதில்லங்கறது தான் உண்மை, யாருமே கூப்பிடலன்னாலும் எனக்கே திடீர்னு பையன் ஸ்கூல் ஃபீஸ் ஞாபகம் வரும், உடனே எடுத்து கட்டலன்னா மறந்துடும்னு கை பரபரக்கும், மறக்கவும் மறக்கும், அதான் கொடுமை. அதுக்கு கீபோர்டு பக்கத்துல ஒரு நோட்டு. வந்தத அப்படியே கிறுக்கிட்டு வேலைக்கு திரும்பிடுவேன், மதியம் தான் அத பிரிப்பேன். பிரிச்சு பாத்தா முக்கால்வாசி, "ஆக்டோபஸ்க்கு எத்தன இதயம்" மாதிரி சமாச்சாரம். (மூணு.)

மாத்திரை பத்தி கேப்பீங்க. டாக்டர் எழுதிக் குடுத்து சாப்பிடறேன், வேலைய ஆரம்பிக்க அது ரொம்ப உதவுது, ஆனா ஸ்டேப்ளர் கேக்க வர்றவர அது வாசல்ல நிறுத்தாது. மத்தபடி அத பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, என்ன கேக்காதீங்க.

எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி இருக்கான், ஆட்டிசம், சின்ன வயசுலயே கண்டுபிடிச்சது, சேரும்போதே அவங்க அம்மா சார்கிட்ட சொல்லிட்டாங்க. மூளை வேலை செய்யற விதமே வேற மாதிரி இருக்கறவங்கங்கற அர்த்தத்துல நியூரோடைவர்ஜென்ட்னு எங்க ரெண்டு பேரையும் ஒரே பேர்ல சொல்லலாம், ஆனா குறுக்க யாராவது வந்தா எனக்கு நடக்கறது வேற, அவனுக்கு நடக்கறது வேற. அவன் எடத்த மறக்கவே மாட்டான். மறுநாள் கேட்டாலும் 212ஆவது வரில நிறுத்தினேங்கம்பான். அவனுக்கு வலிக்கறது உள்ள இருந்து வெளிய இழுக்கறது தான். பின்னாடி இருந்து தோள தட்டி கூப்பிட்டா மொகமே மாறிடும், கொஞ்ச நேரம் பேச்சு வராது, வந்தா வெடுக்குனு வரும், பார்ட்டிங்க "என்னங்க பையன் மருவாதையில்லாம பேசறான்"ம்பாங்க. மருவாதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர்னு மூணு பேர் 2005ல மோனோட்ரோபிசம்னு ஒரு கருத்த முன்வெச்சாங்க, ஆட்டிசம் இருக்கறவங்க கவனம் ஒரு சில விஷயத்துல ஆழமா, மொத்தமா போய் எறங்கிடும், அதனால அதுல இருந்து வேற ஒண்ணுக்கு மாறறது பெரிய பாடுன்னு. அதுல லாசனும் மர்ரேயும் அவங்களே ஆட்டிஸ்டிக் ஆளுங்க, அதனாலயோ என்னமோ படிச்சப்ப நம்ம தம்பிய பக்கத்துல இருந்து பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு.

அவனுக்கு என்ன ஒத்து வருதுன்னா, முன்கூட்டியே சொல்றது. "பதினொன்னே காலுக்கு உன்கிட்ட அந்த எக்ஸ்போர்ட் பார்ட்டி பத்தி அஞ்சு நிமிசம் கேக்கணும்"னு காலைலயே மெசேஜ் போட்டா பதினொன்னே காலுக்கு அவனே திரும்பி உக்காந்திருப்பான், அவ்ளோ தெளிவா பதில் சொல்லுவான். நேர்ல கூப்பிட்டே ஆகணும்னா அவன் கண்ணுக்கு தெரியற பக்கமா போய் நிக்கணும், தொடக்கூடாது, பேசக்கூடாது, அந்த வரிய முடிச்சுட்டு அவனா பாப்பான். இது ஒண்ணும் கஷ்டமே இல்ல, ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரு வாரத்துல பழகிடுச்சு, டீ கொண்டு வர்ற அண்ணன் தான் மொதல்ல பழகினாரு, டம்ளர வலது ஓரமா வெச்சுட்டு சத்தம் இல்லாம போயிடுவாரு.

இதே முன்கூட்டி சொல்றது எனக்கு விஷம். மூணு மணிக்கு சார்கூட பேசணும்னு காலைல சொல்லிட்டா, மூணு மணி வரைக்கும் என்னால எதுலயும் எறங்க முடியாது, எறங்கினா மூணு மணிய மறந்துடுவேனோங்கற பயத்துலயே கரையில உக்காந்திருப்பேன். மண்டைல ஒரு எடம் மூணு மணிக்குன்னே புக் ஆகிடும். வெளிய இருந்து பாத்தா சும்மா உக்காந்திருக்கற மாதிரி தான் தெரியும். ஆக, நியூரோடைவர்ஜென்ட் ஆளுங்களுக்கு இப்படி தான் பண்ணணும்னு யாராவது ஒரே பட்டியல் குடுத்தா நம்பாதீங்க, பக்கத்து பக்கத்து சேர்ல உக்காந்திருக்கற எங்க ரெண்டு பேருக்கே ஒருத்தர் மருந்து இன்னொருத்தருக்கு ஆகல.

இன்னொரு பக்கமும் இருக்கு, எனக்கு தொந்தரவு தேவைப்படற நேரம். ஏதாவது ஒரு சிக்கலான பார்ட்டில மாட்டி அது புடிச்சு போச்சுன்னா, பசி தெரியாது, பாத்ரூம் போகணும்னு தெரியாது, அஞ்சு மணி நேரம் அப்படியே உக்காந்துட்டு எந்திரிச்சா தலை சுத்தும். அலாரம் வெச்சா கை தானா அணைச்சுடுது, அணைச்சது கூட ஞாபகம் இருக்காது. மனுஷங்க வந்தா தான் ஆகுது. பக்கத்து சீட் அக்காகிட்ட கேட்டுக்கிட்டேன், ஒன்னேகாலுக்கு அவங்க டப்பாவ தொறந்து என் கீபோர்டு மேலயே வெச்சுடுவாங்க. பேசவே மாட்டாங்க. நான் ஒரு வரி எழுதி வெச்சுட்டு சாப்பிடுவேன். அவங்க வீட்டு அரிசிம்பருப்பு சாதம் கீபோர்டுல ரெண்டு தடவ சிந்தி ஸ்பேஸ்பார் இப்போ கொஞ்சம் ஒட்டுது, பரவால்ல.

ஆபீஸ்ல இத எப்படி கேட்டேன்னு நெறைய பேர் கேப்பாங்க. சட்டத்த காட்டி கேக்கறதுக்கு எனக்கு வழி இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை சொல்லியிருக்காங்க, அதுல ஆட்டிசம் இருக்கு, கற்றல் குறைபாடு இருக்கு, ஏடிஹெச்டின்னு தனியா இல்ல. தம்பிக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாம், எனக்கு முடியாது. அதனால நான் டயக்னோசிஸ்ல இருந்து ஆரம்பிக்கல, வேலைல இருந்து ஆரம்பிச்சேன். "சார், காலைல மேட்ச் பண்றத மட்டும் விட்டு குடுங்க, போன் மத்தவங்க பாக்கட்டும், சாயங்காலம் எல்லாருக்கும் சேத்து நான் ஃபைல் பண்றேன், ரெண்டு மாசம் பாருங்க"ன்னு. அவருக்கு அது லாபமான பேரம், ஏன்னா ஓடிபிக்கு போன் போடறது ஆபீஸ்ல யாருக்குமே புடிக்காத வேலை. ஏடிஹெச்டிங்கற பேர அவர்கிட்ட ரொம்ப நாள் கழிச்சு தான் சொன்னேன், "அதுக்கென்னம்மா, எனக்கும் அது இருக்கும் போல"ன்னாரு, எல்லாரும் அப்படி தான் சொல்றாங்க, அப்போ எரிச்சலா வந்துச்சு, அவரு டேபிள பாத்தா சந்தேகமாவும் இருக்கு.

வீட்டுல இந்த எதுவும் நடக்காது. அங்க பேப்பர் எழுத போனா குக்கர் விசில எண்ண விட்டுடும். வீட்டுல யாரும் என்ன கூப்பிடக்கூடாதுன்னு சொல்ற நிலைமை பொதுவா பொம்பளைங்களுக்கு இல்ல, ஆபீஸ் வேலைய வீட்டுக்கு எடுத்துட்டு வராம இருக்கறது ஒண்ணு தான் நான் கண்ட வழி, இருபதாம் தேதிக்கு முந்தின நாள் அதுவும் செல்லாது.

இப்போதைக்கு தீராம நிக்கறது அந்த மூணு மணி விஷயம் தான். மீட்டிங்க காலைல வந்ததும் பத்து மணிக்கே வெச்சுட்டா மிச்ச நாள் என் கைல இருக்கும்னு சார்கிட்ட சொல்லியிருக்கேன். இருபது கழியட்டும்மா, பாக்கலாம்னிருக்காரு.